முன்னேற்றம் இல்லாத தெரு

வெயிலுகந்தபுரம் என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் பொருள்களும் பேசும். நேரமும் மனசும் இருக்கிற மனிதர்கள் அதைக் கேட்பார்கள்.

ரயில் தண்டவாளம் ஊரை இரண்டாக வகுத்தது. மேலத்தெருவில் கார்கள், ஏசிகள், துணியைச் சூட்டில் உருட்டிக் காயவைக்கும் மெஷின்கள். கீழத்தெருவில் சைக்கிள்கள், சீலிங் ஃபேன்கள், வீட்டுக்கு வீடு கொடிக்கயிறு. வானம் மட்டும் இரண்டு தெருவுக்கும் பொது. மேலத்தெரு விட்ட புகை, தண்டவாளத்தைப் பார்த்ததும் திரும்பிப் போகவில்லை.

வருடத்துக்கு வருடம் வெயில் கூடிக்கொண்டே வந்தது. பங்குனியிலேயே தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது. காக்கைகள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தன. புகைதான் காரணம் என்று படித்தவர்கள் சொன்னார்கள். அது உண்மைதான். யாருடைய புகை என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் நகராட்சி ஒரு கூட்டம் போட்டு, வெளியூரிலிருந்து புள்ளியை வரவழைத்தது.

புள்ளி பச்சை நிறம். உருண்டை முகம். அதில் ஒரு சிரிப்பு, எதற்கும் மாறாது. ஒரே நேரத்தில் ஆயிரம் வீட்டுக்குள் நுழைய அதற்குத் தெரியும். அதை மேய்ப்பதற்கு ஞானதுரை என்று ஓர் அலுவலர் கூடவே வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, யாரிடமும் குரல் உயர்த்தாத பேச்சு. பஸ் ஸ்டாண்டில் மேடை போட்டு, புள்ளியை அதில் ஏற்றி நிறுத்தினார்.

"வணக்கம்" என்றது புள்ளி. "நீங்கள் அன்றாடம் கரண்டும் பெட்ரோலும் எரிக்கிறீர்கள். போன மாதத்தைவிட இந்த மாதம் யார் குறைவாக எரிக்கிறார்களோ, அவர்கள் வீட்டுக்கு நான் வருவேன். நான் நிறைய வந்து சேர்ந்தால், என்னைக் கொடுத்துப் பரிசு வாங்கிக்கொள்ளலாம். அடுத்த மாதம் முதல் ஆரம்பம்."

கூட்டம் கைதட்டியது. மேலத்தெருவில் பருப்பு மில் வைத்திருந்த திருவேங்கடம் மட்டும் கைதட்டவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போனதும் ஏசியைக் கூப்பிட்டார். "இந்த மாசம் பூராவும் நீ பதினாறுல ஓடு."

"பதினாறிலா?" என்றது ஏசி. "இருபத்துநாலே போதும் என்று நீங்கள்தானே சொல்வீர்கள். சளி பிடித்துவிடுமே."

"பிடிக்கட்டும். அடுத்த மாசம் உன்னை மறுபடி இருபத்துநாலுக்குக் கொண்டு வந்துடுவேன். அப்போ நாம எவ்வளவு குறைச்சிருப்போம், யோசிச்சுப் பாரு."

ஏசி சொன்னதைச் செய்யும் ஜாதி. பதினாறில் ஓடியது. திருவேங்கடம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தும்மியபடியே தூங்கினார். அவருடைய கார் போக இடமில்லாமல் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தது. துணி காயவைக்கும் மெஷின் காய்ந்த துணியையே மறுபடி காயவைத்தது. மேலத்தெருவில் மற்ற வீடுகளும் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. அந்த மாதம் ஊரின் மேல் படிந்த புகையைப் போல் அதற்கு முன்பு யாரும் பார்த்ததில்லை.

அடுத்த மாதம் எல்லாம் பழையபடி ஆனது. மேலத்தெருவில் புள்ளி அடைமழையாகக் கொட்டியது. வீட்டுக்கு வீடு அதன் குரல் கேட்டது. "வாழ்த்துகள். நீங்கள் குறைத்திருக்கிறீர்கள். வாழ்த்துகள்."

கீழத்தெருவுக்கு ஒரு புள்ளியும் வரவில்லை.

கீழத்தெருவில் பேச்சிக்கனி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் சுடலைமணி கருகிப்போன மோட்டார் பம்புகளுக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டுகிறவன். வேலைக்கு சைக்கிளில்தான் போவான். அவர்கள் வீட்டுக்கு ஒட்டின வீடு பூரணத்தினுடையது. பூரணம் தனிக்கட்டை. டெய்லர் கடைகளிலிருந்து ஜாக்கெட்டுகளை வாங்கி வந்து, கொக்கி வைத்து, ஓரம் அடித்துக் கொடுப்பாள். சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. அதில் ஒரு விளக்கு, ஒரு ஃபேன். அந்த ஃபேன் சுற்றும்போது கரகரவென்று ஒரு சத்தம் வரும். பூரணம் அதனோடு பேசிக்கொண்டேதான் வேலை செய்வாள்.

"இன்னைக்கு பன்னெண்டு ஜாக்கெட்டு. நீ நிக்காம சுத்து, நான் நிக்காம தைக்கேன்" என்பாள்.

"சுத்துதேன், சுத்துதேன்" என்று ஃபேன் முனகும்.

புள்ளி ஏன் வரவில்லை என்று போய்க் கேட்கலாம் என்றது சைக்கிள்தான். "நான் ஒரு நாளும் புகை விட்டதில்லையே. எனக்கு வராம வேற யாருக்கு வரும்?"

பேச்சிக்கனிக்கும் அது நியாயமாகப் பட்டது. அவள் கொடிக்கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டாள். புருஷனையும் பூரணத்தையும் கூப்பிட்டாள். மூன்று பேருமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு புள்ளியின் அலுவலகத்துக்குப் போனார்கள். கண்ணாடிக் கதவு. உள்ளே அப்படி ஒரு குளிர். பூரணம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

புள்ளி மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. "வணக்கம். யார் முதலில்?"

சைக்கிள் முன்னால் வந்தது. "நான் தினம் டவுனுக்குப் போய் வாரேன். புகையே கிடையாது."

"மிக்க மகிழ்ச்சி. போன மாதம் எவ்வளவு எரித்தீர்கள்?"

"ஒண்ணும் இல்ல."

"இந்த மாதம்?"

"இந்த மாசமும் ஒண்ணும் இல்ல."

"அப்படியானால் முன்னேற்றம் இல்லை" என்றது புள்ளி. சிரிப்பு மாறவில்லை. "அடுத்தவர்?"

கொடிக்கயிறு தோளிலிருந்து தலையை நீட்டியது. "நான் துணி காயவைக்கேன். வெயில்லயேதான்."

"வெயிலுக்கு மீட்டர் இல்லை. அளக்க முடியாததை நான் பார்ப்பதில்லை."

"மேலத்தெருவில ஒரு மெஷின் சனிக்கிழமை மட்டும் லீவு போடுதாம். அதுக்கு நீ போறியாமே?"

"ஆமாம். அது வெள்ளிக்கிழமை ஓடியதல்லவா?"

பேச்சிக்கனி மேஜைக்குப் பின்னால் இருந்த ஞானதுரையைப் பார்த்தாள். "சார், இது என்ன பேச்சு? எரிச்சவுகளுக்குக் கொடுப்பீக, எரிக்காதவுகளுக்கு இல்லையா?"

ஞானதுரை பொறுமையாகச் சொன்னார். "அம்மா, இது ஜனங்களை மாத்தறதுக்கான திட்டம். நீங்க ஏற்கெனவே சரியாத்தான் இருக்கீங்க. உங்ககிட்ட மாத்த எதுவும் இல்லை. வீட்ல ஒரு ஸ்கூட்டரோ ஏசியோ இருந்தா, அதை நிறுத்திக் காட்டலாம். தவணைக்குக்கூடக் கிடைக்குது."

"நிறுத்துறதுக்காக வாங்கணுமா?"

"நான் அப்படிச் சொல்லலை. விதி அப்படி இருக்குன்னு சொல்றேன்."

போகும்போது பூரணத்தின் பெயரையும் மீட்டரையும் மட்டும் அவர் பதிந்துகொண்டார். அவள் பெயரில் தனி இணைப்பு இருந்தது. "எப்பவாவது குறைஞ்சா, புள்ளி தானா வரும்மா" என்றார். பூரணம் அவருக்குக் கும்பிடு போட்டாள். யாராவது தன் பெயரைக் கேட்டு எழுதினால் அவளுக்குச் சந்தோஷம்.

மேலத்தெருவில் புள்ளிகள் குவிந்தன. திருவேங்கடம் வீட்டில் இடம் போதாமல் அலமாரியில், கட்டிலடியில், காருக்குள் எல்லாம் புள்ளிகள் உட்கார்ந்து சிரித்தன. சித்திரை பிறந்ததும் அவர் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய், பனி பெய்யும் ஒரு தேசத்துக்குக் குடும்பத்தோடு விமான டிக்கெட் வாங்கினார்.

கார் அவர்களை விமான நிலையத்தில் இறக்கிவிட்டது. திரும்பி வரும் வழியில் புள்ளியிடம் கேட்டது. "நான் ஒரு வருஷம் ஓடினாலும் அந்த விமானம் ஒரு தடவை விடுகிற புகை வராது என்கிறார்களே?"

"இருக்கலாம்" என்றது புள்ளி. "ஆனால் அது பரிசு. பரிசுக்குப் புகை கிடையாது."

காருக்கே வெட்கமாக இருந்தது.

அந்தச் சித்திரையில் வெயில் சொல்லி மாளாது. ஊருக்கு வருகிற கரண்ட் போதவில்லை. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்துக் கொடுப்பது என்று முதலில் பேசினார்கள். மேலத்தெருக்காரர்கள் நகராட்சிக்கு வந்தார்கள். நாங்கள் இத்தனை புள்ளி எடுத்திருக்கிறோமே, அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று கேட்டார்கள். ஞானதுரைக்கு அது நல்ல யோசனையாகத் தோன்றியது. புள்ளி இருக்கும் தெருவுக்குத் தடையில்லாத கரண்ட், புள்ளி இல்லாத தெருவுக்கு மத்தியானம் முழுக்க நிறுத்தம். அப்படிச் செய்தால் எல்லோருக்கும் புள்ளி சேர்க்கும் ஆசை வரும் என்று அவர் எழுதிக் கொடுத்தார். நகராட்சி ஒப்புக்கொண்டது. மின்வாரியத்துக்கு உத்தரவு போனது.

மறுநாள் உச்சிப்பொழுதில் பூரணத்தின் ஃபேன் நின்றது.

கரண்ட் கம்பி பூரணத்தின் வீட்டு ஓரமாகத்தான் போயிற்று. அதற்குள் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஃபேன் அதைக் கூப்பிட்டது.

"உள்ளே வா."

"வர முடியாது" என்றது கரண்ட். "இந்தத் தெருவுக்குச் சாயந்தரம் ஐந்து மணிக்குமேல்தான் என்று உத்தரவு."

"நீ எங்க வீட்டு ஓரமாத்தானே மேலத்தெருவுக்குப் போற?"

"ஆமாம்."

"கீழே ஒருத்தி உக்காந்திருக்கா. வேர்த்து விரல்ல ஊசி நிக்க மாட்டேங்குது. ஒரு நிமிசம் வந்துட்டுப் போ."

கரண்ட் நிற்காமல் ஓடியது. அது திருவேங்கடம் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே ஆளே இல்லை. ஆனாலும் பூட்டின வீட்டுக்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஊரிலிருந்து திரும்பும்போது வீடு சூடாக இருக்கக்கூடாதென்று ஓடவிட்டுப் போயிருந்தார்கள்.

பேச்சிக்கனி வந்து வாசலில் நின்றாள். "அக்கா, பம்பு ரூமுக்குப் பின்னால வேம்படியில எல்லாரும் உக்காந்திருக்கோம். வாங்க. இந்த ஷீட்டுக்கடியில இருந்தா வெந்து போவீக."

"பட்டு ஜாக்கெட்டு, கனி. கல்யாண வீட்டுக்காரி நாளைக்கு வருவா. அங்கன மண்ணும் புழுதியும். ஒரு சொட்டு அழுக்கு பட்டாலும் டெய்லர் இனிமே துணி தர மாட்டாரு."

"நாளைக்குத் தைக்கலாம்லா?"

"இன்னும் நாலுதான் இருக்கி. முடிச்சிட்டு வாரேன்."

பூரணம் காலண்டர் அட்டையை இடக்கையால் வீசிக்கொண்டும், பிறகு அதைக் கீழே வைத்துவிட்டுத் தைத்துக்கொண்டும் இருந்தாள். ஃபேன் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அதனோடு பேசினாள். "நீ என்ன செய்வ பாவம்" என்றாள். தண்ணீர் குடித்தாள். சேலைத் தலைப்பை நனைத்து முகத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு வேர்ப்பது நின்றுவிட்டது. ஃபேன் அதை நல்லது என்று நினைத்தது. பூரணம் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. சுவரில் சாய்ந்தாள். ஏதோ பேசினாள், அது புரியவில்லை. பட்டு ஜாக்கெட்டில் படாமல் கையை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துக்கொண்டு படுத்தாள்.

"அக்கா" என்று கூப்பிட்டது ஃபேன். "அக்கா, வெளியே போ. கனிகிட்டப் போ." சுற்றாத ஃபேனின் குரல் மனிதர் காதுக்கு எட்டாது. அது கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. ஃபேன் தன் உயிரையெல்லாம் திரட்டிச் சுற்றியது. அப்படி ஒரு வேகத்தில் அது வாங்கின புதிதில்கூடச் சுற்றியதில்லை. பூரணத்தின் நெற்றி முடி பறந்தது. சேலை பறந்தது. பேச்சிக்கனி வந்து பார்க்கும்வரை, செத்துப்போனவளுக்கு அது காற்று வீசிக்கொண்டே இருந்தது.

டாக்டர் வந்து வெயில்தான் என்றார். அந்த ஒரு வார்த்தையில் காரியம் முடிந்துவிட்டது. வெயிலின்மேல் வழக்குப் போட முடியாது. தெருவே சேர்ந்து அவளை எடுத்துப் போட்டது. வீட்டைப் பூட்டி, சாவியைப் பேச்சிக்கனி வைத்துக்கொண்டாள். மத்தியான நிறுத்தம் நின்றபாடில்லை.

அடுத்த மாதக் கடைசியில் ஒரு காலையில் பேச்சிக்கனி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டின் பூட்டின கதவுக்கு முன்னால் பச்சையாக ஏதோ நின்றது. புள்ளி. ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில். ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு படியெல்லாம் நிரம்பி நின்றன. எல்லா முகத்திலும் அந்தச் சிரிப்பு.

"பூரணம் அவர்களே, வாழ்த்துகள்" என்றன, ஒரே குரலில். "போன மாதத்தைவிட இந்த மாதம் நூறு சதவீதம் குறைத்திருக்கிறீர்கள். இந்த ஊரிலேயே நீங்கள்தான் முதலிடம்."

பேச்சிக்கனியின் கையிலிருந்த வாளி கீழே விழுந்தது.

கொடிக்கயிறுதான் அதட்டியது. "இங்கருந்து போ. அவ செத்துட்டா."

"எனக்கு மீட்டரைத்தான் தெரியும்" என்றது புள்ளி. "பரிசளிப்பு விழா வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு. தவறாமல் வரவும்."

வெள்ளிக்கிழமை கீழத்தெரு முழுக்கக் கிளம்பியது. நகராட்சி மண்டபம் புதிதாகக் கட்டினது. ஜன்னல்களெல்லாம் திறக்க முடியாத கண்ணாடி. உள்ளே ஏசி ஜில்லென்று ஓடியது. முன்வரிசையில் மேலத்தெருக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். திருவேங்கடம் பனி தேசத்திலிருந்து திரும்பி வந்திருந்தார். அவருக்கு இரண்டாம் பரிசு; அதற்கான சால்வையை முதலிலேயே போர்த்தியிருந்தார்கள். கீழத்தெருக்காரர்களுக்கு நாற்காலி இல்லை. அவர்கள் கதவோரமாகத் தரையில் உட்கார்ந்தார்கள். சுடலைமணி மட்டும் வெளியே வராந்தாவில் நின்றான்.

முதல் பரிசுக்குப் பூரணம் என்று கூப்பிட்டார்கள். பேச்சிக்கனி மேடை ஏறினாள். முகம் நினைவில்லாத ஞானதுரை அவளைத்தான் பூரணம் என்று நினைத்துக்கொண்டார். ஒரு சால்வையைப் போர்த்தினார். மைக்கை அவள் பக்கம் திருப்பினார்.

முன்வரிசையிலிருந்து திருவேங்கடம் எழுந்தார். அவருக்கு உண்மையிலேயே ஆர்வம். "அம்மா, நாங்க என்ன செஞ்சும் பாதிதான் குறைக்க முடிஞ்சுது. நீங்க ஒரேயடியா ஒண்ணும் இல்லாம ஆக்கிட்டீங்களே. எப்படிக் குறைச்சீங்கன்னு சொன்னா, நாங்களும் அதே மாதிரி செய்வோம்."

பேச்சிக்கனி மைக்கைப் பிடித்தாள்.

"சொல்லுதேன். நான் பூரணம் இல்ல. பூரணம் அக்கா எங்க பக்கத்து வீடு. அவ வீட்ல இருந்தது ஒரு லைட்டு, ஒரு ஃபேன். ஃபேன் ஓடினாத்தான் அவளுக்குக் கை ஓடும். மத்தியானம் எங்களுக்குக் கரண்ட் கிடையாதுன்னீக. புள்ளி இல்லையாம்லா எங்களுக்கு. அவ ஷீட்டுக்கடியில உக்காந்து தைச்சா. செத்துட்டா. செத்தவ வீட்ல யாரு சார் ஃபேன் போடுவா? அப்படித்தான் குறைச்சா. நீங்களும் அதே மாதிரி செய்யணும்னா செய்ங்க. ரொம்பச் சுலபம்."

ஏசி ஓடுவது மட்டும் கேட்டது.

ஞானதுரை மெதுவாகச் சொன்னார். "இது எங்களுக்குத் தெரியாதும்மா. மீட்டர்ல குறைஞ்சிருந்தது. அவ்வளவுதான் எங்களுக்கு வரும்."

"ஏன் குறைஞ்சுதுன்னு ஒரு எட்டு வந்து பாக்கலையே சார். அன்னைக்குப் பேரைக் கேட்டு எழுதினீகளே. அவ அதைத் தெருப் பூராவும் சொல்லிச் சந்தோசப்பட்டா."

மேடை ஓரத்தில் புள்ளி சிரித்துக்கொண்டு நின்றது. "நூறு சதவீதம்" என்றது.

வராந்தாவில் சுடலைமணிக்கு இது எல்லாம் கேட்டது. அவன் தலைக்கு நேரே சுவரில் மண்டபத்தின் மெயின் சுவிட்ச் இருந்தது. அதற்குள்ளிருந்து கரண்ட் பேசியது.

"சுடலைமணி, என்னை நிறுத்து."

அவன் திடுக்கிட்டான். "நீயே நின்னா என்ன?"

"நானாக நின்றதே இல்லை. உங்கள் தெருவிலும் நானாக நிற்கவில்லை. எங்கேயோ ஒருவர் கையை நீட்டி நிறுத்தினார். அந்தக் கை பூரணத்தைப் பார்த்ததில்லை. உன் கை பார்த்திருக்கிறது."

சுடலைமணி கையை நீட்டி மெயினை இறக்கினான். பிறகு அதற்கு முன்னாலேயே காலை மடக்கி உட்கார்ந்துகொண்டான்.

விளக்குகள் அணைந்தன. ஏசி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. மேலே உச்சி வெயில், சுற்றிலும் கண்ணாடி. கொஞ்ச நேரத்திலேயே மண்டபம் அடுப்பாகிவிட்டது. முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. சிலர் எழுந்து கதவுக்கு வந்தார்கள். கதவோரம் கீழத்தெரு உட்கார்ந்திருந்தது. ஒருவரும் நகரவில்லை. ஒருவரும் யாரையும் தொடவுமில்லை.

"வயசானவுகளும் பிள்ளைகளும் வெளிய வந்துக்கிடுங்க" என்றாள் பேச்சிக்கனி மேடையிலிருந்து. "மரத்தடியில நெழலும் தண்ணியும் இருக்கி. மத்தவுக உக்காருங்க. அஞ்சு மணி வரைக்கும்தான்."

வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வழி விட்டார்கள். மற்றவர்களுக்கு விடவில்லை.

ஞானதுரையின் சட்டை முதுகோடு ஒட்டியது. நகராட்சிக்காரர்கள் போலீசைக் கூப்பிடலாமா என்று முணுமுணுத்தார்கள். அதற்கு மேடையில் அவள் சொன்னதையும் போலீசிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்று ஒருவர் நினைவுபடுத்தினார். யாரும் கூப்பிடவில்லை. திருவேங்கடம் சால்வையைக் கழற்றி எறிந்தார். சட்டைப் பொத்தான்களைத் திறந்துவிட்டார். அவருக்கு மூச்சு வாங்கியது. பனியில் எடுத்த படம் ஒன்று அவர் போனில் இருந்தது. அதைக் காட்டுவதற்காகக் கொண்டு வந்திருந்தார்.

அந்தப் போனிலிருந்துதான் புள்ளி குதித்து வெளியே வந்தது. எல்லோருடைய போனிலிருந்தும் வந்தது. நாற்காலிகளின் மேல் ஏறி நின்று, வியர்த்து வழியும் முகங்களைப் பார்த்து அழகாகச் சிரித்தது.

"வாழ்த்துகள். இந்த மண்டபம் இந்த ஒரு மணி நேரத்தில் கரண்டே எரிக்கவில்லை. நீங்கள் எல்லோரும் அருமையாகக் குறைத்திருக்கிறீர்கள்."

"அதோட வாயை யாராவது மூடுங்க" என்றார் திருவேங்கடம். அவர் குரல் உடைந்துவிட்டது. "மனுஷன் இங்க சாகறான், வாழ்த்துகளாம்."

சொல்லிவிட்டு அவரே அந்த வார்த்தையைக் கேட்டார். பக்கத்தில் இருந்தவர்களும் கேட்டார்கள். அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஞானதுரை வியர்வையைத் துடைத்துக்கொண்டு மின்வாரியத்துக்குப் போன் போட்டார். மத்தியான நிறுத்தத்தை ரத்து செய்ய வேண்டும், இருக்கிற கரண்டை எல்லாத் தெருவுக்கும் ஒரே மாதிரி பங்கிட வேண்டும் என்று சொன்னார். நகராட்சித் தலைவரும் போனை வாங்கி அதையே சொன்னார். கீழத்தெருவிலிருந்து ஒருவன் ஓடி வந்து, எல்லா வீட்டிலும் ஃபேன் சுற்றுகிறது என்று சொன்ன பிறகுதான் சுடலைமணி மெயினை ஏற்றினான். அப்போது மணி இரண்டுகூட ஆகவில்லை. அஞ்சு மணி வரை மேலத்தெருக்காரர்களால் தாங்க முடியவில்லை.

அன்று முதல் இரண்டு தெருவுக்கும் நிறுத்தம் ஒன்றுதான். மேலத்தெருக்காரர்களும் மத்தியானத்தில் கொஞ்ச நேரம் வேர்க்கக் கற்றுக்கொண்டார்கள். அதற்காக யாரும் செத்துவிடவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஞானதுரை கீழத்தெருவுக்கு வந்தார். முதல் தடவையாக வந்தார். புள்ளியையும் கூட்டி வந்திருந்தார். பேச்சிக்கனி அப்போது வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொடிக்கயிறு அவர்களைப் பார்த்ததும் விறைத்தது.

"அம்மா, நான் விதியை மாத்தச் சொல்லிட்டேன்" என்றார் ஞானதுரை. "இனிமே உங்க சைக்கிளுக்கும் புள்ளி உண்டு, கொடிக்கயித்துக்கும் உண்டு. முதல் பரிசுக்குப் பூரணம் அம்மா பேரையே வைக்கலாம்னு இருக்கோம். வருஷா வருஷம் அவங்க பேரைச் சொல்லிக் கொடுப்போம்."

"வாழ்த்துகள்" என்று ஆரம்பித்தது புள்ளி.

பேச்சிக்கனி ஈரத் துணியை ஓங்கி உதறினாள். புள்ளியின் முகத்தில் தண்ணீர் தெறித்தது.

"அவ பேரைத் தொடாதீக" என்றாள். "புள்ளியும் எங்களுக்கு வேண்டாம். அதைக் கூட்டிட்டுப் போங்க. சுவிட்சு எங்க இருக்குன்னு எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, அது போதும்."